பெயர்த்து நடப்பட்டவர்களின் பாட்டு: அந்தமான் திறந்தவெளி மேடையும் பதிவாகாத பாடல்களும்

சற்றே நீண்ட பதிவு இது. ஒரே மூச்சில் வாசிக்க இயலாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு பிறகு வாசிக்கலாம். பதிவின் இறுதியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

போர்ட் பிளேரில் ஆண்டுதோறும் தீவுச் சுற்றுலா விழா நடைபெறுகிறது. 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது. தீவுவாசிகளின் நாவில் இன்னும் பழைய பெயரே புழங்குவதால் நானும் அதையே ஆள்கிறேன். உலகின் பல நாடுகளில் நாட்டார் இசை விழாக்கள் கோடையில் திறந்தவெளியில் நடக்கும். அந்தமானில் மே மாதத்தில் தொடங்கும் மழை நவம்பர் வரை ஓய்வதில்லை. ஆகவே இத்தீவுகளில் வானத்தை நம்பி மேடை போடும் காலம் டிசம்பருக்குப் பிந்தைய சில மாதங்களே. சுற்றுலா விழாவும், ஹேவ்லாக் தீவின் சுபாஷ் மேளாவும், நீல் தீவின் விவேகானந்தர் மேளாவும் அந்தப் பருவத்திற்கு உரியவை.

அத்தகைய மேடையின் முன் அமர்ந்திருந்த ஒரு மாலையில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. ‘நிக்கோபாரி நடனம்’, ‘ராஞ்சி நடனம்’, ‘கரேன் நடனம்’ என்று அறிவிப்பாளர் ஒவ்வொன்றாக அழைக்கிறார். ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடங்கள். கைதட்டல். அடுத்த குழு. நிறைவில் பெருநிலத்திலிருந்து வந்த திரையிசைப் பாடகர் மேடையேறுகிறார்; கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. இதில் எது இத்தீவின் பாட்டு? 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழும் இந்த ஒன்றியப் பகுதியில் மிகப் பெரும்பாலோர் கடந்த 160 ஆண்டுகளுக்குள் வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பெயர்த்து நடப்பட்டவர்களின் மண்ணில் வேரிசை என்று எதைச் சொல்வது?

1. சிறையிலிருந்து மேடைக்கு

ஒப்பீட்டிற்காக ஒரு கணம் அமெரிக்காவுக்குச் செல்வோம். புளூஸ், கண்ட்ரி என்ற இருவகை இசையும் அங்கு இன்று வேரிசை என்ற பொதுப்பெயருக்குள் அடங்குகின்றன. புளூஸ் இசையின் பிறப்பிடம் பருத்தித் தோட்டமும் அடிமை வாழ்வின் எச்சமும் ஆகும். அது காப்பாற்றப்பட்ட இடங்களுள் சிறைச்சாலையும் ஒன்று. 1933இல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் தென் மாநிலங்களின் சிறைகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சென்றனர். லூசியானாவின் அங்கோலா சிறையில்தான் லெட் பெல்லி என்று பின்னர் புகழ்பெற்ற ஹடி லெட்பெட்டரை அவர்கள் கண்டனர். மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப்பண்ணையில் கைதிகள் கோடரி வீச்சின் தாளத்திற்குப் பாடிய பாடல்களும் பதிவாயின.

அப்பதிவுகளும் பழைய இசைத்தட்டுகளும் இருந்தமையால் பின்வந்த தலைமுறை பாடியவர்களைத் தேடிப் புறப்பட்டது. 1959இல் தொடங்கிய நியூபோர்ட் நாட்டார் இசை விழாவின் திறந்தவெளி மேடையில் 1963 கோடையில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் பாடினார். 1920களின் இறுதியில் சில தட்டுகளுக்குப் பாடிவிட்டுப் பல்லாண்டுகள் மறக்கப்பட்டிருந்த முதியவர் அவர். முதலில் பதிவு, பிறகு தேடல், அதன்பின் மேடை என்ற வரிசையை நினைவில் வையுங்கள். லோமாக்ஸின் முறைகளில் குறைகள் உண்டு. பாடியவர்களுக்குக் கிடைத்ததைவிடப் பதிந்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் கிடைத்தது மிகுதி என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. ஆயினும் பாட்டு எஞ்சியது.

அந்தமானும் ஒரு சிறை. 1858 மார்ச் 10 அன்று மருத்துவர் ஜே. பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்திறங்கியது முதல் இரண்டாம் உலகப் போர் வரை அது ஒரு மாபெரும் தண்டனைக் குடியேற்றம். மரம் வெட்டினார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், செக்கிழுத்தார்கள், கயிறு திரித்தார்கள். உழைப்பும் பிரிவும் ஏக்கமும் நிறைந்த அவ்விடத்தில் பாட்டு இல்லாதிருந்திருக்க இயலாது. அப்பாட்டு எங்கே?

2. பதிவானவர்கள்

விந்தை யாதெனில், அக்காலத்தில் அந்தமானில் இசை பற்றி எழுதப்படாமல் இல்லை. தொல்குடியினரைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்த மாரிஸ் விடல் போர்ட்மன் 1888இல் அரச ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் அந்தமானியர் இசை பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதற்கு முன்பே ஈ. எச். மேன் அவர்களது ஆட்டத்தையும் கருவியையும் விவரித்திருந்தார். 1906 முதல் 1908 வரை அங்கு களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுனின் நூல் 1922இல் வெளிவந்தது.

இவர்கள் தரும் சித்திரம் வியப்பூட்டுவது. பெரிய அந்தமானியர்களிடம் தோற்கருவி இல்லை, நரம்புக்கருவி இல்லை. இருந்தது ஒரு மரப்பலகை. படாக் மரத்திலிருந்து கேடயம் போலக் குடைந்தெடுக்கப்பட்ட அதன் கூரிய முனையைத் தரையில் ஊன்றி, ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மறு காலின் குதிகாலால் மிதித்துத் தாளம் எழுப்புவார் ஆட்டத்தலைவர். பெண்கள் வரிசையாக அமர்ந்து தொடையில் தட்டிப் பின்பாட்டுப் பாடுவர். சுர வீச்சு மிகக் குறுகியது. யாப்புக்காகச் சொற்கள் வளைக்கப்படுவதால் பேச்சுமொழி அறிந்தவருக்கும் பாட்டின் பொருள் எளிதில் பிடிபடாது என்று மேன் குறித்தார்.

ராட்கிளிஃப்-பிரவுன் குறிக்கும் ஒரு வழக்கம் நம் கேள்விக்கு நேரடித் தொடர்புடையது. ஒவ்வொருவரும் தம் பாட்டைத் தாமே கட்டுவார்கள். வேட்டை, தோணி குடைதல், தேனெடுத்தல் போன்ற அன்றாடச் செயலே பொருள். பிறர் கட்டிய பாட்டை ஆட்டக்களத்தில் ஒருவர் பாடுவதில்லை. மரபாகக் கையளிக்கப்படும் பாடல் தொகுதி என்று நாம் எதிர்பார்ப்பது அவர்களிடம் இல்லை. கையளிக்கப்பட்டது பாட்டு கட்டும் முறைமை. ஆகவே பாடுகிறவர் மறைந்தால் அவர் பாட்டும் மறையும். ஆனால் புதிதாகக் கட்டுவதற்கு இளையவர்கள் இருக்கும்வரை அதனால் இழப்பில்லை.

இளையவர்கள் இல்லாது போயினர் என்பதே அவலம். சிறைக்குடியேற்றம் கொண்டுவந்த நோய்கள் அம்மக்களைக் கொன்றன. 1877இன் தட்டம்மை அவற்றுள் கொடியது. குடியேற்றம் தொடங்கியபோது சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1931இல் 90 பேர், 1961இல் 19 பேர். எஞ்சியவர்கள் பின்னர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். மொழியியலாளர் அன்விதா அப்பி 2005 முதல் அங்கு களப்பணி செய்து, போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியரின் பேச்சையும் பாட்டையும் பதிந்தார். சுமார் 85 அகவையில் 2010 ஜனவரி 26 அன்று போவா மறைந்தார். இறுதி ஆண்டுகளில் தம் மொழியில் பேச மனிதர் எவரும் இல்லாததால் அவர் பறவைகளோடு பேசுவார் என்று அப்பி எழுதியிருக்கிறார். இன்று எவரும் அவர் குரலைக் கேட்கலாம். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

3. பதிவாகாதவர்கள்

போர்ட்மன் தொல்குடியினரின் பாட்டைக் கவனித்தார். ஆனால் அதே குடியேற்றத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கைதிகளின் பாட்டைப் பொருட்படுத்திய அறிஞர் எவரையும் நான் வாசித்த அளவில் கண்டதில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. காலனிய மானிடவியலின் கண்ணில் தொல்குடியினர் ஆய்வுப்பொருள். கைதிகளோ உழைப்புக் கணக்கில் ஓர் எண். கைதியின் உயரம், அங்க அடையாளம், குற்றம், நடத்தை எல்லாம் ஏட்டில் ஏறின. அவர் மாலையில் என்ன முணுமுணுத்தார் என்பதற்கு ஏட்டில் பத்தி இல்லை.

எழுத்தறிந்தவர்களின் படைப்பு ஓரளவு தப்பியது. 1857 எழுச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்டு 1861இல் அங்கேயே மறைந்த ஃபஸ்லே ஹக் கைராபாதியின் அரபு எழுத்துகள் இந்தியாவை வந்தடைந்தன. ஜாஃபர் தானேசரியின் உருது நினைவுக்குறிப்பு நூலாயிற்று. எழுத்தறியாதவரின் பாட்டுக்கு அந்த வழியும் இல்லை.

நம்மவர்களும் அங்கிருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்குத் தமிழில் ‘தீவாந்தரம்’ என்ற சொல்லே தண்டனையின் பெயராயிற்று. தண்டனைக் காலத்தில் நன்னடத்தைக்காக நிலமும் மணவுரிமையும் பெற்ற ஆண்களும் பெண்களும் சாதி, மொழி கடந்து இணைந்தனர். அவர்தம் மக்களே ‘லோக்கல் பார்ன்’ எனப்படும் சமூகம். அவர்களது பொதுமொழி இந்துஸ்தானி. தாய் ஒரு மொழி, தந்தை ஒரு மொழி, தெரு மூன்றாவது மொழி என்றால் தாலாட்டு எந்த மொழியில் நின்றிருக்கும்? ஒரு தலைமுறைக்குள் பல தாலாட்டுகள் நின்றுபோயிருக்கும் என்பது என் துணிபு.

4. காட்டை வெட்டியவர்களும் களம் அமைத்தவர்களும்

அடுத்து வந்தவர்களைப் பாருங்கள். 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து ஒராவ், முண்டா, காரியா மக்கள் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டனர். ஆள் சேர்த்த நகரத்தின் பெயரே அவர்கள் பெயராகி, இன்றும் ‘ராஞ்சி’ என்றே அழைக்கப்படுகிறார்கள். 1921 மலபார் எழுச்சிக்குப் பின் மாப்பிள்ளைமார் வந்தனர். தென் அந்தமானில் மலப்புரம், மன்னார்காடு, வண்டூர் என்று ஊர்ப்பெயர்களையும் நட்டனர். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்து மாயாபந்தர் அருகே வேபி என்ற ஊரை அமைத்தனர். பிரிவினைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்க ஏதிலிகள் வந்தனர்.

இவர்கள் ஒவ்வொருவரும் கொண்டுவந்த மூட்டையில் பாட்டும் இருந்தது. மாப்பிள்ளைப் பாட்டு, வங்காளியரின் கீர்த்தனம், கரேன் தேவாலயத்தின் பல குரல் இசை எல்லாம் தீவுக்கு வந்தன. சோட்டா நாக்பூரின் கரம் விழாவில் கரம் மரக்கிளையை நடுவே நட்டு, மாந்தர் முழவும் நகாராவும் முழங்க, கைகோத்து விடிய விடிய ஆடுவார்கள். அந்த ஆட்டக்களத்திற்கு ‘அக்ரா’ என்று பெயர். அக்ராவில் பார்வையாளர் என்று தனியே எவருமில்லை. வந்தவர் எல்லோரும் வளையத்தில் சேர்வர்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். அந்தமானியரின் தாளப்பலகை படாக் மரத்தால் ஆனது என்றேன். காலனிய வனத்துறை பெரிதும் நாடிய மரமும் படாக்தான். அதை வெட்டிச் சரித்தவர்களில் ராஞ்சித் தொழிலாளரும் உண்டு; அறுத்துப் பலகையாக்கிய இடங்களில் ஒன்று 1883இல் நிறுவப்பட்ட சாத்தம் மர ஆலை. தம் காட்டை இழந்து வந்தவர்களின் கையாலேயே மற்றொருவரின் காடு வெட்டப்பட்டது. எந்த ஒரு சமூகத்தையும் மட்டும் குற்றவாளியாகவோ தியாகியாகவோ நிறுத்தி இவ்வரலாற்றை எழுத முடியாது.

சோட்டா நாக்பூரில் பட்டியல் பழங்குடியாக உள்ள அம்மக்களுக்கு அந்தமானில் அந்த அங்கீகாரம் இல்லை. தலைமுறைகளாக அவர்கள் அதைக் கோரி வருகிறார்கள். மேடையில் அவர்களது ‘பழங்குடி நடனம்’ வேண்டப்படுகிறது. ஏட்டில் அவர்கள் பழங்குடியினர் அல்லர்.

5. நிக்கோபாரும் ஒரு தமிழரின் நாட்குறிப்பும்

நிக்கோபாரின் கதை வேறு. அங்கு மக்கள் எஞ்சினர். தோளோடு தோள் கைகோத்து வட்டமாக அசைந்தாடும் அவர்களது ஆட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. மூதாதையரின் எலும்பைத் தோண்டியெடுத்து மீள அடக்கம் செய்யும் பெருவிருந்து, பன்றிகளும் தோணிகளும் பாட்டும் ஆட்டமுமாக நடந்த விழா.

இவ்விழாக்களைப் பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளுள் ஒன்று தமிழர் ஒருவரின் கைவண்ணம் என்பதை நம்மில் பலர் அறியோம். வேதப்பன் சாலமன் என்ற ஆங்கிலிக்க உபதேசியார் 1890களில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பணியாற்றினார், 1909இல் காலமானார். அங்கு அவர் எழுதிய நாட்குறிப்புகளின் பகுதிகள் 1902இல் இலண்டனின் மானிடவியல் நிறுவன ஆய்விதழில் வெளியாயின. அவரிடம் பயின்ற சிறுவனே பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்த அவர், 1952இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினராகச் சென்றார். பழைய சடங்குப் பாட்டின் பக்கத்தில் நிக்கோபாரி மொழித் துதிப்பாடல் இடம்பிடித்தது. ஒன்று மற்றொன்றை ஓரளவு ஒதுக்கியது என்பதும் உண்மை. பாட்டு தொடர்ந்து தாய்மொழியிலேயே நிற்க அது உதவியது என்பதும் உண்மை. உபதேசியாராக வந்தவர் தாம் மாற்ற விரும்பிய வாழ்வையே நாள்தோறும் எழுதியும் வைத்தார். வரலாறு இத்தகைய முரண்களால் ஆனது.

6. கச்சாலில் இறங்கிய மலையகப் பாட்டு

அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 கணக்கில் சுமார் 15 விழுக்காட்டினர். பர்மாவிலிருந்து திரும்பியோர், வேலை தேடி வந்தோர், வணிகர், ஊழியர் எனப் பல அலைகள். பங்குனி உத்திரத்தன்று போர்ட் பிளேரின் வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துச் செல்லும் கூட்டத்தைக் கண்டவர்களுக்குத் திறந்தவெளி இசை என்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. மேடை இல்லை, அறிவிப்பாளர் இல்லை, தெருவே களம்.

அலைகளுள் ஒன்று என் மனத்தை விட்டு அகலாதது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவிலுள்ள இரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். தமிழகத்து ஊர்களிலிருந்து கண்டிச் சீமைக்குச் சென்ற தலைமுறை தேயிலைத் தோட்டத்தில் பாட்டு கட்டியது. அப்பாடல்களைத் திரட்டி நூலாக்கிய சி. வி. வேலுப்பிள்ளைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். கண்டிச் சீமையிலிருந்து கச்சாலுக்கு வந்த தலைமுறை என்ன பாடியது? கொழுந்து பறித்த கை பால் வெட்டத் தொடங்கியபோது பாட்டின் நடை மாறியதா? எந்தச் சொல் புதிதாக நுழைந்தது? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மிகக் கடுமையாகத் தாக்கிய தீவுகளுள் கச்சாலும் ஒன்று. அன்று போன உயிர்களோடு எத்தனை பாடல்கள் போயின என்பதை இனி எவரும் கணக்கிட முடியாது.

மும்முறை கடல் கடந்த அந்தப் பாட்டு நம் புளூஸ். அதைத் தேடி ஒலிப்பதிவுக் கருவியோடு உரிய காலத்தில் நாம் செல்லவில்லை.

7. யார் ஆட, யார் பார்க்க

2012 ஜனவரியில் வெளியான ஒரு காணொளி நினைவிருக்கலாம். அந்தமான் பெருவழிச் சாலையில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச்சொல்லிப் படம்பிடித்த அக்காணொளி உலகெங்கும் கண்டனத்தை எழுப்பியது. அவ்வட்டாரத்தில் அச்சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே ஆணையிட்டிருந்தது. அவர்கள் ஆடத் தெரிந்தவர்கள்தாம். அன்று ஆடியது அவர்களது ஆட்டமன்று. யாரோ கட்டளையிட்ட அசைவு.

சுற்றுலா விழா மேடையை இக்கொடுமையோடு சமப்படுத்த நான் விரும்பவில்லை. விழா மேடைக்கு வருபவர்கள் விரும்பி வருகிறார்கள். தம் பிள்ளைகள் பயிலவும் பாராட்டப்படவும் அது ஒரு வாய்ப்பு. மேடையை மறுப்பது வெறும் தூய்மைவாதம் ஆகிவிடும். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு: ஆட்டத்தின் அளவையும் நேரத்தையும் பொருளையும் தீர்மானிப்பவர் யார்? விடிய விடிய நிகழும் அக்ரா சில நிமிடங்களாகச் சுருங்கும்போது முதலில் உதிர்வது பாட்டின் சொற்களே. ஆடை நிற்கிறது, முழவு நிற்கிறது, சொல் போய்விடுகிறது. வேர் சொல்லில் அன்றோ இருக்கிறது!

மேலே ஒரு வரிசையை நினைவில் வைக்கச் சொன்னேன்: பதிவு, தேடல், மேடை. அந்தமானில் நாம் மேடையிலிருந்து தொடங்கிவிட்டோம். பதிவு இன்னும் நடக்கவில்லை. நடந்த ஒரே பெரும்பதிவு மறைந்துகொண்டிருந்தவர்களுடையது. அதுவும் கடைசி நொடியில். எஞ்சியிருப்பவர்கள் பலர் என்ற எண்ணமே ராஞ்சிப் பாட்டுக்கும் கச்சால் பாட்டுக்கும் எதிரியாக நிற்கிறது.

வேரிசை என்ற சொல்லுக்கு நான் இப்போது கொள்ளும் பொருள் இது: பிறந்த மண்ணில் அசையாது நின்றவரின் பாட்டு மட்டும் வேரிசை ஆகாது. பிடுங்கப்பட்டவர் தம் வேரில் ஒட்டிய மண்ணோடு சுமந்து வந்து வேறிடத்தில் ஊன்றிய பாட்டும் வேரிசையே. இவ்வரையறையின்படி அந்தமான் இந்தியாவின் செழுமையான வேரிசை நிலங்களுள் ஒன்று.

இனி என் வேண்டுகோள். இப்பதிவை வாசிப்பவர்களுள் அந்தமான், நிக்கோபார்த் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருக்கலாம். பர்மாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அங்கு சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். உங்கள் வீட்டு முதியவர் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, வேலைப்பாட்டு எதுவாயினும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பாடியவர் சம்மதத்தோடு பதியுங்கள். எந்த ஊரில், யாரிடம், எப்போது கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பொதுவெளியில் இட வேண்டும் என்பதில்லை. அது உங்கள் வீட்டுச் சொத்து. அழியாமல் இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தால் போதும். ஆய்வுக்குத் தர விரும்புவோர் எனக்கு எழுதலாம்.

பிழைகள் இருப்பின் சுட்டுங்கள். திருத்திக்கொள்வேன்.